முப்பத்து நான்கு என்று எழுதிய கைகள்

ஊராட்சி ஆணையில் சலவைப் பிரிவுப் பணியாளர் என்றும், எங்கள் உள்ளத்தில் தலைமைச் செவிலியர் என்றும் எழுதப்பட்டவரே! முப்பத்தோராண்டு முகங்கோணாது முட்காட்டு ஊர்களின் தாய்மாருக்கு முதுகு தடவி நின்றவரே! பன்னீராயிரம் பச்சிளம் பிள்ளைகளைப் பெற்றவள் பார்ப்பதற்கு முன்னே பார்த்த பேறு பெற்றவரே! கோபம் வந்தால் கூரை அதிர அதட்டி, அது ஆறுமுன்னே காபியில் வெல்லம் கரைத்துக் கையில் கொடுக்கும் கனிவின் குடமே! டோனா கிளியோனீசி அவர்களே! பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

இதற்குப் பிறகு நற்பண்புகளுக்கு ஏழு வரி, சேவைக்கு ஐந்து வரி, நலவாழ்வுக்கு இரண்டு வரி என்று ஊராட்சி எழுத்தர் எங்களுக்கு ஒரு மாதிரித் தாள் தந்தார். பெயரை மட்டும் நிரப்பினால் போதுமாம். நிரப்பத்தான் உட்கார்ந்தோம். பாதியில் பேனா நின்றுவிட்டது. இந்தப் பிரசவ விடுதியில் நாங்கள் நிரப்பியது போதும் என்று தோன்றியது. காரணம் தங்களுக்குத் தெரியும்; இங்கே கூடியிருக்கும் மற்றவர்களுக்கும் இன்று தெரியட்டும்.

தொப்பியின் தளர்வில் துயரத்தைக் கண்டவரே! பிறந்த பிள்ளைக்கு மாட்டும் நூல் தொப்பியைத் தேவாலயத்துப் பெண்கள் இருபது ஆண்டாக ஒரே அளவில்தான் பின்னி அனுப்பிவந்தார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்தின் அக்டோபரில் அந்தத் தொப்பிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடி மூக்குவரை இறங்கின. தாங்கள் தொலைபேசியை எடுத்து, தொப்பி பின்னும் செவெரீனாவை ஒரு பிடி பிடித்தீர்கள்.

"என்ன செவெரீனா, தொப்பியெல்லாம் தொளதொளன்னு வருது? கண்ண மூடிக்கிட்டுப் பின்றியா?"

"ஊசியும் பழசு, கையும் பழசு. எம்மேல பாயாதக்கா. மொதல்ல உங்க பிள்ளைங்க தலையப் போயிப் பாரு."

தாங்கள் போய்ப் பார்த்தீர்கள். அலமாரியின் அடியில் கிடந்த அளவுநாடாவைத் தேடியெடுத்து, அன்று பிறந்த பிள்ளையின் தலையைச் சுற்றினீர்கள். முப்பத்து நான்கையொட்டி இருக்கவேண்டிய தலை இருபத்தொன்பது சென்டிமீட்டர். அடுத்த நாள் ஜுசாராவின் மகள் அகதா பிறந்தாள். இருபத்தெட்டு. தாங்கள் அன்று சாப்பிடவில்லை.

பிறகு நம் ஊர் பட்ட பாட்டை என்னென்பது! வானொலியில் ஒரு பேச்சு, சந்தையில் ஒரு பேச்சு, பூசை முடிந்து வாசலில் ஒரு பேச்சு. கொசு கொண்டுவந்த ஜிக்கா வைரஸ் என்றார் ஒருவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் தொட்டி இல்லாத வீடு ஏது. அந்தத் தொட்டிகளில் போட்ட புழுக்கொல்லி மருந்துதான் என்றார் இன்னொருவர். கெட்டுப்போன தடுப்பூசி என்றார் மூன்றாமவர். "தல சின்னப் பிள்ளைங்க எப்பவும்தான் பொறந்துச்சு, இப்பத்தானே அளக்குறாங்க" என்று நாலாமவர் சொன்னபோது, தங்களோடு பிரசவ அறையில் வேலை பார்த்த நாங்கள் ஐவரும் பேச்சை மாற்றினோம்.

நடுவே தலைநகரிலிருந்து ஒரு தாள் வந்து, நோய் என்று எண்ணும் அளவை ஒரு சென்டிமீட்டர் இறக்கியது. "திங்கக்கெழம வரைக்கும் நோயாளி, வெள்ளிக்கெழம நல்ல பிள்ளையா? அப்ப புதன்கெழம எம்மவன் என்னவா இருந்தான்?" என்று ஒரு தாய் கேட்டாள்.

மெய்யுரைத்து மேன்மை இழந்தவரே! கார்னிவல் திருவிழா முடிந்த வாரம் ஊராட்சி மன்றத்தில் பொது விசாரணை நடந்தது. நோய் புதிது என்று மெய்ப்பித்தால், தலை சிறுத்துப் பிறந்த பதினொரு பிள்ளைகளை வாரந்தோறும் மாநிலத் தலைநகரின் சிகிச்சைக்கு ஏற்றிப்போக வண்டி தருவதாகப் பேச்சு. தாய்மார் பிள்ளைகளோடு பின்வரிசையில் காத்திருந்தார்கள். டாக்டர் அட்டிலியோ நம் விடுதியின் பத்தாண்டுப் பதிவேடுகளை உயர்த்திக் காட்டினார். பத்தாண்டும் எல்லாத் தலையும் முப்பத்து நான்கு, இப்போதுதான் சரிந்திருக்கிறது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

உறுப்பினர் ஜெனிவால் ஏட்டை வாங்கிப் புரட்டினார். "முப்பத்து நாலு, முப்பத்து நாலு, முப்பத்து நாலு... என்னய்யா, எல்லாப் பிள்ளையையும் ஒரே அச்சுல வார்த்தீங்களா? யாரு அளந்தது இத?"

மூன்றாம் வரிசையில் நாங்கள் ஐவரும் எங்கள் செருப்பைப் பார்த்தோம். தாங்கள் எழுந்தீர்கள்.

"அளக்கல. பிள்ள அழுதுச்சா, பால் குடிச்சுச்சான்னு பாப்போம். தலைக்கான கட்டத்துல முப்பத்து நாலுன்னு போட்டுருவோம். எனக்கு முன்னாடி இருந்தவங்க அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"வேற யாரு யாரு அப்பிடிப் போட்டது?"

தாங்கள் எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பினீர்கள். நாங்கள் அசையவில்லை. "எம்பேர எழுதிக்குங்க, அது போதும்" என்றீர்கள். பிறகு கைப்பையிலிருந்து இரண்டு தொப்பிகளை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். "ஏடு பொய். இது பொய் சொல்லாது. இருவது வருசமா எல்லாருக்கும் சரியா இருந்தது பெருசு. இப்பப் பொறக்குறதுங்களுக்கு நான் பின்னச் சொன்னது சின்னது."

மன்றம் சிரித்தது. "வைரஸுக்குத் தொப்பி சாட்சியா, டோனா?" என்றார் ஜெனிவால். அன்றைய நாள் அத்துடன் முடிந்தது. வண்டி வரவில்லை. வெளியே வாசலில் ஜுசாரா தங்களை மறித்தாள்.

"உண்மையச் சொல்ல ஒங்களுக்கு வேற நாளே கெடைக்கலையா? எம்பிள்ளையோட நாளுதான் கெடச்சுதா?"

ஒரு மாதத்தில் பதவி பறிபோய்ச் சலவை அறைக்கு அனுப்பப்பட்டீர்கள். காலியான தங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவள் எங்கள் ஐவரில் ஒருத்தியான லின்டால்வா. அவள்தான் இப்போது இந்த மடலை வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

வியாழன்தோறும் வேதனை சுமந்தவரே! விடுப்பு நாளில் உறங்காமல், மாநிலத் தலைநகரின் சிகிச்சைக்கு ஜுசாராவோடு ஐந்து மணி நேரப் பேருந்தில், அகதாவின் நிற்காத தலையைத் தங்கள் தோளில் தாங்கிச் சென்றீர்கள். முதல் ஏழு மாதம் ஜுசாரா தங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேள்விப்பட்டோம். எட்டாம் மாதம் மக்காச்சோளக் குஸ்குஸ் புட்டு டப்பாவைத் திறந்து, "சாப்பிடுங்கக்கா, ஆறிப்போவுது" என்றாளாம். எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல நாங்கள் எதுவும் செய்யவுமில்லை.

கொசு கொணர்ந்த வைரஸ்தான் காரணம் என்று பின்னாளில் பெரிய ஆய்வுகூடங்கள் உறுதியாகக் கூறின. தங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் சலவை அறைப் பக்கம் வரவில்லை. வண்டி மூன்றாண்டு கழித்து வந்தது. பதினொரு பிள்ளைகளில் நால்வர் அதில் ஏற உயிரோடு இல்லை. அன்று நாங்களும் எழுந்து, எப்படி எழுதினோம், எத்தனை ஆண்டு எழுதினோம், தொப்பி எப்போது தளர்ந்தது என்று ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தங்கள் சொல் தனியாக நின்றிருக்காது. ஒருத்தி சொன்னது சிரிப்பானது. ஆறு பேர் சொல்லியிருந்தால் சாட்சியம் ஆகியிருக்கும். அந்த நால்வரை நினைத்தால் மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

ஜுசாரா, முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருக்கிறாய். நீ கோபப்பட்டது ஒருவரிடம். கோபப்பட்டிருக்க வேண்டியது ஆறு பேரிடம்.

எங்கள் அன்புக்குரியவரே! தங்கள் முழங்கால் வலி குறையட்டும். கண் தெளிவாக இருக்கட்டும். வியாழக்கிழமைகளில் இனி எங்களில் ஒருவர் பேருந்தில் உடன் வருவோம். பல்லாண்டு தாங்கள் சன்னலோர இருக்கையில் சாய்ந்து உறங்கியபடி வரவேண்டும்.

சட்டமிட்ட இந்த மடலின் படி ஒன்று தங்களுக்கு. மூலத்தைப் பிரசவ அறையில், எடைத் தராசுக்கு மேலே, அளவுநாடா தொங்கும் ஆணியிலேயே மாட்டுகிறோம். இனி வேலைக்கு வருகிறவர்கள் நாடாவை எடுக்கும்போதெல்லாம் இதைப் படிக்கட்டும்.

மாதிரித் தாளில் "இங்ஙனம், பணியாளர்கள்" என்று ஒரே வரிதான் இருந்தது. அதற்குள் நாங்கள் ஒளியப் போவதில்லை. ஐவரில் இருவர் கையொப்பமிட மறுத்துவிட்டார்கள்; ஐவரில் சேராத மருத்துவர் தாமாக வந்து கையொப்பமிட்டார். மறுத்த இருவரும் வாங்கித் தந்த கேக் மேசையில் இருக்கிறது.

லின்டால்வா, தலைமைச் செவிலியர்: பதினான்கு ஆண்டு அளக்காமல் எழுதினேன்.

எடிலூசா, செவிலியர்: ஒன்பது ஆண்டு அளக்காமல் எழுதினேன்.

வாண்டர்லே, உதவியாளர்: அவர்கள் சொல்ல, நான் எழுதினேன்.

அட்டிலியோ, மருத்துவர்: அளக்கவில்லை என்று தெரிந்தேதான் அந்த ஏட்டை உயர்த்திக் காட்டினேன்.