கல்யாணம் முடியுற வரைக்கும் தரமாட்டேன்

மே மாத வெயிலில், ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்புவதற்காகக் காத்திருந்தோம். எனக்கு முன்சீட்டில் பேரையூர்ப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர். பெரியவர் மடியில் மஞ்சள்பை.

“மக கல்யாணம் முடியுற வரைக்கும் இந்தப் புத்தகத்தை லைப்ரரிக்குத் திருப்பித் தரமாட்டேன் தம்பி.”

“ஏண்ணே?”

“கோடை லீவுல படிங்கன்னு நம்ம ஊர் வரலாறை வாசல்லயே மேசை போட்டு வச்சிருக்காக. எங்க தாத்தா, சாமிக்கு நேந்துவிட்ட கிடாயைத் திருடித் தின்னதைப் பேரோட போட்டிருக்கான் எழுதுனவன். இங்க ஆரப்பாளையத்துல இருக்குற சம்பந்தி வேற ரெண்டு தடவை லைப்ரரிக்கு வந்து இதைக் கேட்டாராம்.”

இளையவர் பையிலிருந்து புத்தகத்தை உருவிப் படித்தார். பக்கத்தைத் திருப்பியதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அடுத்த பக்கத்தைப் படிக்கலையாண்ணே? அந்தக் கிடாயை உரிச்சுக் கொழம்பு வச்சது யாருன்னு பாருங்க. உங்க சம்பந்தியோட தாத்தா!”

பெரியவர் வாங்கி, விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

“அப்ப அந்தாளும் இதை ஒளிச்சு வைக்கத்தான் தேடியிருக்காரு.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பெரியவர் சட்டென்று எழுந்தார்.

“எங்கண்ணே போறீக?”

“சம்பந்தி வீட்டுக்கு. இம்புட்டு நாள் நான் ஒளிச்சு வச்சிருந்தேன். இனிமே அவரு வைக்கட்டும்.”