அவர் பக்கத்துக் கடிகாரம்

என் சட்டையை நானேதான் இஸ்திரி போட்டுக்கொள்வேன். கிளப் சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்றன்றும் போட்டேன். கசங்கிய சட்டையோடு ஆடப் போவது எனக்குப் பிடிக்காது.

எதிரில் என் அக்கா புருஷன். அசையாமல், வாய் திறக்காமல் யோசிப்பதால் கிளப்பில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். வீட்டில் மட்டும் வாய் நீளும். ஒன்பது வருடமாக அவரிடம் தோற்றேன். ஒவ்வொரு தடவையும் சாப்பிட உட்கார்ந்ததும், "மாப்ள ஆஸ்பத்திரியிலதான் ராஜா, இங்க வெறும் சிப்பாய்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

அவர் எப்போதும் ஒரே தொடக்கம்தான் ஆடுவார்: ராஜாவின் முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம், பிறகு குதிரை, பிறகு மந்திரி. அதை உடைக்க ஏழு மாதம் படித்திருந்தேன்.

ஆறாவது நகர்த்தலில் அவர் குதிரையை யானைபோல நேராகத் தள்ளினார். கத்துக்குட்டியும் செய்யாத தப்பு. நிமிர்ந்து பார்த்தேன். வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. கை மேசையில் துவண்டு கிடந்தது. நான் பக்கவாத வார்டில் பதினெட்டு வருட நர்ஸ். உடனே கொண்டுபோனால் பேச்சைக் காப்பாற்றலாம் என்று புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

"மாப்ள, கை... வரல" என்று குழறினார்.

"ஆட்டம் நடக்கும்போது பேசக்கூடாது மாமா" என்றேன் மெதுவாக. விதி அப்படித்தான்.

குதிரையைப் பழைய கட்டத்தில் வைத்தேன்; நகர்த்த வேண்டியது இன்னும் அவர்தான், ஓடுவதும் அவர் பக்கத்துக் கடிகாரம்தான். நடுவரைக் கூப்பிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார், ஏழு மாத உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராகிவிடும். எங்களுடையது கடைசி மேசை. மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் வந்த செயலாளர், கல்லுளிமங்கன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று என் காதில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். மாமாவின் கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை. இப்போதும் நகர்வதில்லை, என் அறைக் கதவைச் சாத்தினாலும் பார்க்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அக்கா கேட்டாள், "உனக்குக்கூட முன்னாடியே ஒண்ணும் தெரியலையாடா?" திடீரென்று வந்துவிட்டது என்றேன். மாமா பக்கத்தில்தான் சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சுதான் போனது, காதும் புத்தியும் தெளிவு.

நடுவரை எப்போது கூப்பிட்டேன் என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான், இன்ஸ்பெக்டர் சார். அவர் கடிகாரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அது தீர்ந்து, நேரம் முடிந்தவருக்குத் தோல்வி என்ற விதிப்படி நான் வென்றதாகத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நடுவரைக் கூப்பிட்டேன். ஆனால் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைத் தாங்கிக்கொண்டிருந்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.