உள்ளங்கையில் சூடாக்கிய ஜெல்

இரவு இரண்டு மணி. ஊருக்கு வெளியே போகிற சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... ஓர் ஆம்புலன்ஸ் மட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் பாத்ரூம் போகணும் என்று எவனும் எழுந்திருக்கக் கூடாது.

இது என் சிநேகிதனின் அண்ணிக்கு நடந்தது. அவர் குழந்தைகள் டாக்டர். மூச்சுத் திணறும் குழந்தைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டியில் வேலை. வண்டியிலேயே ஸ்கேன் உண்டு. கையில் பிடிக்க ஒரு ப்ரோப், பார்க்க ஒரு சின்னத் திரை. ப்ரோபை நெஞ்சில் வைத்தால் திரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மூச்சுக்கு மூச்சு அது எறும்பு ஊர்வதுபோல் நகர வேண்டும். நகராவிட்டால்... நுரையீரலிலிருந்து கசிந்த காற்று நெஞ்சுக்குள் தேங்கி அதையே அமுக்குகிறது என்று அர்த்தம். உடனே ஊசி குத்தி அந்தக் காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

அண்ணிக்கு ஒரு பழக்கம். ஸ்கேன் ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் பிள்ளைகளுக்குத் தடவுவார். அன்று சாயங்காலம் ஒரு சிறுமிக்கு மட்டும் அதற்கு நேரமில்லை. "ஜில்லுன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான், வண்டியின் படுக்கையிலேயே உயிர் போய்விட்டது. அண்ணி அழவில்லை. விரிப்பை மாற்றினார், கை கழுவினார், அடுத்த அழைப்புக்குக் கிளம்பினார். "மரத்துப் போச்சு" என்றுதான் பிறகு சொன்னார்.

இரண்டு மணிக்கு ஏற்றிய பையனுக்கு ஐந்து வயது. உதடு நீலம். விலா உள்வாங்க, 'ஹக்... ஹக்' என்று இழுக்கிறான். ஸ்பிரிட் நெடி. அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைய விட்டுடாதீங்கம்மா" என்கிறாள். அண்ணி ஜெல்லைத் தேய்த்தபடியே திரையைப் பார்த்தார். கோடு அழகாக நகர்ந்தது.

"நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. ஊசி வேண்டாம்."

கூட வந்த நர்ஸ் ப்ரோப் எங்கே என்று தேடிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "மேடம்... ப்ரோப் கொக்கியிலதான் தொங்குது" என்றாள்.

அண்ணி குனிந்து பார்த்தார். இரண்டு கையிலும் ஜெல்தான்.

எட்டி ப்ரோபை எடுத்தார். ஐஸாக இருந்தது. பையனின் இடது நெஞ்சில் வைத்தார். கோடு அசையவே இல்லை. ஊசியைக் குத்தினார்... 'புஸ்ஸ்' என்று காற்று. உதடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. அம்மா ஓவென்று அழுதாள். அண்ணிக்கு அப்போதும் ஒன்றுமே தோன்றவில்லையாம்.

விடிந்ததும் வார்டில் அவனை மறுபடி ஸ்கேன் பண்ணப் போனார். வழக்கம்போல ஜெல்லைத் தேய்த்தார். பையன் கண்ணைத் திறந்தான். அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தான்.

"டாக்டர்... அந்த அக்காவுக்கும் சூடு பண்ணிக் குடுங்க. இன்னும் ஜில்லுன்னுதான் இருக்காம்."