இன்வர்ட்டர் தாங்குமா?

திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி மடியில் கம்ப்யூட்டருக்கான புதிய கிராபிக்ஸ் கார்டுப் பெட்டி.

“இத்த ஓட்னா நைனாவுக்கு மூச்சு நின்னுடும்டா,” என்றாள் அக்கா, வீட்டிலிருக்கும் அப்பாவைச் சொல்லி.

“கல்யாண வீடியோ எடிட்டிங் பாதி நேரத்துல முடியும்க்கா.”

“கரண்ட் எவ்ளோ துன்னும்?”

“பழசு நூத்தியிருவது வாட்ஸ். இது முந்நூறு.”

“கரண்ட் போனா நைனாவோட ஆக்ஸிஜன் மெஷினும் உன் கம்ப்யூட்டரும் ஒரே இன்வர்ட்டர்ல ஓடணும். தாங்குமா?”

“ட்ரிப் ஆனா திருப்பிப் போட்டுடுவேன்.”

“வீடியோவை ஓடவுட்டுட்டு நீ வெளிய போயிடுவே. நான் கழனில இருப்பேன். யாரு ஓடிவந்து போடுவாங்க?”

ஏர்பேடு வந்ததும் தம்பி எழுந்தான்.

“நீ வூட்டுக்குப் போக்கா. நான் திருப்பதிக்கே திரும்பிப் போயி கடையில இத்த மாத்திக்கினு வரேன்.”

அவன் இறங்கிப் போனான். பஸ் கிளம்பியதும் அக்கா போனை எடுத்தாள்.

“நைனா, கரண்ட் இருக்குதா?”