மூன்று சிவப்புப் புள்ளிகள்

லுவெண்டோ: விட்டுடாதே. எஞ்சின் மேல் சக்கரத்தை, அந்தப் புல்லியைப் பிடிச்சுக்கோ.

மிலிமோ: பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். விரலே மரத்துப்போச்சு.

லுவெண்டோ: இப்ப நகர்ந்துச்சே…

மிலிமோ: நகரல. நீங்கதான் தலையை ஆட்டினீங்க.

லுவெண்டோ: புள்ளி எங்க இருக்கு?

மிலிமோ: வெச்ச இடத்துலதான். மேல ஒண்ணு, டீசல் பம்ப்ல ஒண்ணு, கீழ கிராங்க் சக்கரத்துல ஒண்ணு. மூணும் எங்க அக்கா நகம் மாதிரியே பளபளன்னு இருக்கு.

லுவெண்டோ: பெல்ட்டுக்குக் குறி வைக்க நகப்பூச்சு கேட்டதும் மறுக்காம எடுத்துக் குடுத்துட்டா. அதான் எனக்குப் புரியல.

மிலிமோ: அவளா? சின்ன வயசுல நான் தொட்டாலே கையில அடிப்பா.

லுவெண்டோ: பேசாதே. பெல்ட்டை பம்ப் பக்கமாக் கொண்டு வா. ஒரு பல் தள்ளி உக்காந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அப்புறம் இந்த பிக்கப்பைக் கோழி அடைக்கத்தான் வெச்சுக்கணும்.

மிலிமோ: காலையிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க.

லுவெண்டோ: நீ இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கேல்ல?

மிலிமோ: மாவு மில்லுல பெல்ட் மாத்தியிருக்கேன்.

லுவெண்டோ: மாவு மில்லுலயா?

மிலிமோ: அதுவும் டீசல் எஞ்சின்தானே.

லுவெண்டோ: அது வெளியில ஓடுற பட்டைடா. கழண்டு விழுந்தா சோளம் அரையாது, அவ்வளவுதான். இது… டைமிங் பெல்ட் மாத்துவேன்னு போன்ல சொன்னியே.

மிலிமோ: தெரியாதுன்னா நீங்க தனியாக் கை வெச்சிருப்பீங்க. அதான் சொன்னேன். திட்டணும்னா அப்புறமாத் திட்டுங்க. இப்ப வேலையைப் பாருங்க.

லுவெண்டோ: இருட்டறதுக்குள்ள உங்க அக்கா மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருக்கணும். நாளைக்குக் காலையில கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன். ஆபரேஷன் பண்ற டாக்டர் நாளன்னைக்குப் பிளேன் ஏறிட்டா, மறுபடி மழைக்காலம் முடிஞ்சுதான் வருவார்.

மிலிமோ: அதுவரைக்கும் தாங்காதா?

லுவெண்டோ: ராத்திரி செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டேதான் தூங்கறா. படுத்தாக் கட்டி மூச்சுக் குழாயை அமுக்குது. நான் பக்கத்துல படுத்துக்கிட்டு அவ மூச்சை எண்ணிக்கிட்டுக் கிடக்கேன்.

மிலிமோ: பஸ்?

லுவெண்டோ: ஆத்துல வெள்ளம். பஸ்ஸு இந்தக் கரையோட திரும்பிடுது. நம்ம பிக்கப்தான் உயரம், இதுதான் இறங்கி ஏறும்.

மிலிமோ: உள்ள அக்கா பாடறா, கேக்குதா?

லுவெண்டோ: காலையிலேர்ந்து அதே பாட்டுதான்.

மிலிமோ: குரல் போயிடும்னு டாக்டர் சொன்னாராமே.

லுவெண்டோ: போயிடும்னு சொல்லல. போகவும் வாய்ப்பிருக்குன்னார். குரல் நரம்பு கட்டிக்கு ஒட்டியே இருக்காம்.

மிலிமோ: போனா உங்களுக்கு நிம்மதி மச்சான். வீடு அமைதியா இருக்கும்.

லுவெண்டோ: ஸ்பானரை எடு.

மிலிமோ: மச்சானைச் சீண்டலேன்னா எங்க ஆளுங்க என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. அதான்…

லுவெண்டோ: தெரியும். எது வேணா சொல்லு. அதை மட்டும் சொல்லாதே.

மிலிமோ: சரி. பெல்ட் உக்காந்துடுச்சு. பெல்ட்டை இறுக்கற டென்ஷனரை விடவா?

லுவெண்டோ: மெல்ல… ம். இப்ப கிராங்கைக் கையாலயே ரெண்டு முழுச் சுத்து சுத்து. எங்கயாவது நின்னா அதோட விட்டுடு. பலம் குடுக்காதே.

மிலிமோ: ஒண்ணு… போகுது… நின்னுடுச்சு மச்சான்.

லுவெண்டோ: கையை எடு. எடுடா.

மிலிமோ: இருங்க. இது இரும்பு முட்டின மாதிரி இல்ல, காத்து அடைச்ச மாதிரி இருக்கு. மில்லுலயும் இப்படித்தான் நிக்கும். கொஞ்சம் பொறுத்தா விடும்… பாத்தீங்களா, விட்டுடுச்சு. ரெண்டு.

லுவெண்டோ: மேல சரியா இருக்கு. கீழ சரியா இருக்கு. பம்ப்ல…

மிலிமோ: பம்ப்ல புள்ளி ஒரு பல் பின்னால இருக்கு.

லுவெண்டோ: முடிஞ்சுது. எல்லாம் போச்சு.

மிலிமோ: ஒண்ணும் போகல. மாட்டும்போது பம்ப் ஸ்பிரிங் பின்னால இழுத்திருக்கு. திரும்பக் கழட்டி மாட்டலாம். சாவியைத் திருப்பினாத்தானே போகும், நாம இன்னும் தொடவே இல்லையே. தண்ணி குடிச்சிட்டு வாங்க.

லுவெண்டோ: வேண்டாம். கழட்டு.

மிலிமோ: …மச்சான், இதான் பழைய பெல்ட்டா?

லுவெண்டோ: அதைக் கீழ போடு.

மிலிமோ: வெடிப்பே இல்லையே. பல்லெல்லாம் முழுசா இருக்கு. மடக்கினாக் கூட எங்கயும் விரிசல் காணோம்.

லுவெண்டோ: உள்ள தேஞ்சிருக்கும்.

மிலிமோ: வண்டியில சத்தம் வந்துச்சு, பெல்ட் மாத்தணும்னு போன்ல சொன்னீங்களே. எப்படிச் சத்தம்?

லுவெண்டோ: விசில் அடிக்கற மாதிரி. புது பெல்ட் எப்பவோ வாங்கி சீட்டுக்கு அடியில கிடந்துச்சு, அதான் மாத்திடலாம்னு… பம்ப் புல்லியைப் பிடி. இந்தத் தடவை நான் மாட்டறேன்.

மிலிமோ: பிடிச்சிட்டேன். அக்கா வர்றா.

சோல்வே: சிப்வான்ட்டு சோளக் கூழ் கொண்டு வந்தேன். நல்லாப் புளிச்சிருக்கு. குடிச்சிட்டுச் செய்யுங்க.

மிலிமோ: கையெல்லாம் கிரீஸ். வாயில ஊத்திடு அக்கா.

சோல்வே: இன்னும் குழந்தையாவே இரு. எங்க லுபோனா கூடத் தானாக் குடிச்சுக்கும். லுபோனா அப்பா, நீங்க?

லுவெண்டோ: அப்புறம்.

சோல்வே: முடிஞ்சிடுமா?

லுவெண்டோ: முடிஞ்சிடும். நீ துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியா?

சோல்வே: வெச்சிட்டேன்… முடியலேன்னாலும் பரவால்ல. மழை நின்னப்புறம் போய்க்கலாம். ஞாயித்துக்கிழமை கோயில்ல அறுவடைப் பாட்டு வேற இருக்கு. முதல் குரல் நான் இல்லாம அவங்க என்ன பண்ணுவாங்க?

மிலிமோ: அக்கா, வண்டியில சத்தத்தை முதல்ல கேட்டது யாரு?

சோல்வே: நான்தான். போன ஞாயித்துக்கிழமை கோயில்லேர்ந்து திரும்பி வரும்போது. டக் டக்குன்னு வந்துச்சு.

மிலிமோ: டக் டக்குன்னா?

சோல்வே: ஆமா. ஏன்?

மிலிமோ: மச்சான் விசில் மாதிரின்னார். ஒரே வண்டியில ஆளுக்கொரு சத்தமா கேட்டீங்க?

லுவெண்டோ: டென்ஷனரை விடு, மிலிமோ. சுத்திப் பாத்துடலாம்.

மிலிமோ: சுத்தறேன். ஒண்ணு… ரெண்டு. மேல சரி. கீழ சரி. பம்ப் சரி. புள்ளி மூணும் நேரா நிக்குது.

லுவெண்டோ: இன்னொரு தடவை சுத்து.

மிலிமோ: சுத்தினேன். சரியாத்தான் இருக்கு.

லுவெண்டோ: இன்னும் ஒரு தடவை…

மிலிமோ: மாட்டேன். மூடியைப் போட்டு போல்ட்டையும் இறுக்கிட்டேன். சாவியைத் திருப்பறதுதான் பாக்கி. திருப்புங்க.

லுவெண்டோ: …நீயே திருப்பு.

மிலிமோ: உங்க வண்டி. என்னோடது மாவு மில்லு.

லுவெண்டோ: ஒரு பல் தப்பா இருந்தா…

மிலிமோ: நல்ல பெல்ட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு இப்பப் பல்லைப் பத்திப் பேசறீங்களா? மேகம் வேற கட்டிக்கிட்டு வருது, ஆத்துல இன்னும் தண்ணி ஏறும். உண்மையைச் சொல்லுங்க, இந்த வண்டி ஸ்டார்ட் ஆகணும்னு இங்க என்னைத் தவிர யாருக்காவது ஆசை இருக்கா?

லுவெண்டோ: வாயை மூடு.

சோல்வே: அவனைத் திட்டாதீங்க. சாவியைக் குடுங்க.

லுவெண்டோ: நீ எதுக்கு…

சோல்வே: குடுங்க. தள்ளி நில்லு மிலிமோ.

மிலிமோ: மெல்லத் திருப்பு அக்கா. முட்டற சத்தம் கேட்டா உடனே விட்டுடு.

சோல்வே: திருப்பறேன்.

மிலிமோ: எஞ்சின் பிடிக்கல. திரும்பவும்.

லுவெண்டோ: வேண்டாம், விட்டுடு, விட்டு…

மிலிமோ: பிடிச்சிடுச்சு. பிடிச்சிடுச்சு மச்சான். அணைச்சிடாதே அக்கா. எஞ்சினைக் கேக்கறேன், இருங்க… விசிலும் இல்ல. டக் டக்கும் இல்ல. நான் போய்ப் பையை எடுத்துட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க.

சோல்வே: லுபோனா அப்பா.

லுவெண்டோ: ம்.

சோல்வே: அன்னைக்குச் சத்தம் எதுவும் வரல. வண்டி நின்னுட்டாப் போக வேண்டாமேன்னுதான் அப்படிச் சொன்னேன்.

லுவெண்டோ: தெரியும்.

சோல்வே: தெரிஞ்சுமா பிரிச்சீங்க?

லுவெண்டோ: கோயில்லேர்ந்து வீடு வர வரைக்கும் நீ பாடிக்கிட்டே வந்தே. நான் எஞ்சினைக் கேக்கவே இல்ல. அந்தக் குரலை விட எனக்கும் மனசு வரல.