கிருமிக்கு ஒரு பொன்னாடை

தலைமையுரைக்குப் பத்து நிமிடம் என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டு, ஐம்பது நிமிடம் நம்மை ஆட்கொண்ட தமிழ் மன்றத் தலைவர், ஒப்பந்ததாரர் குழந்தைவேலு அவர்களே, அதைவிட நீண்ட உரைகளை வீட்டிலே கேட்டுப் பழகிய அவரது துணைவியார் விசாலாட்சி அவர்களே, முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட பெரியோர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்த தாய்மார்களே, கிடைக்காத தாய்மார்களே, பஜாரில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் சேக் தாவூத் பாய் அவர்களே, கேசரி தீர்ந்துவிடுமோ என்று கதவோரம் காவல் நிற்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த நீலாவதியின் வணக்கம்.

மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்து, போன வெள்ளிக்கிழமை எழுந்துகொண்டேன் என்பதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள். போர்ட் பிளேர் புழுக்கத்தில் இதைப் போர்த்திக்கொண்டு நிற்பதே ஒரு தியாகம்தான். நன்றி. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொன்னாடைக்கு என்னைவிடத் தகுதியானவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் விடுப்பு எடுக்காதவர், ஊருக்குப் போய்வர எல்.டி.சி. பயணச் சலுகை கேட்காதவர், பதவி உயர்வுக்கு மனுப் போடாதவர். அவர் ஒரு வைரஸ். பெயர் எச்.பி.வி. பெண்களின் கர்ப்பப்பை வாயில் குடியேறி, பொறுமையாய்ப் புற்றுநோய் வளர்ப்பவர்.

நாளைக் காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் அந்த நோய்க்குப் பரிசோதனை முகாம். நம் மன்றத்தில் பெண்கள் நானூறு பேர். பெயர் கொடுத்தவர்கள் மூன்று பேர். மாதிரி எடுக்கும் குழு மதியமே ஹட் பே தீவுக்குக் கப்பல் ஏறிவிடும்; எடுத்த மாதிரிகளைப் பார்க்கப்போவது நம் மருத்துவமனை ஆய்வகம்தான். மறுபடி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே வெற்றி வைரஸுக்குத்தான். வென்றவரை வாழ்த்துவதுதானே மேடை மரபு? வாழ்த்துகிறேன்.

வென்றவர் பெருமை தெரிய வேண்டுமானால், தோற்றவர் பெருமை தெரிய வேண்டும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே ஒரு காவலன் இருக்கிறான். விஞ்ஞானிகள் அவனுக்கு நல்ல பெயர்கூட வைக்கவில்லை, கைதிக்குக் கொடுப்பதுபோல ஓர் எண் கொடுத்தார்கள். பி ஐம்பத்து மூன்று என்ற புரதம். செல்லுக்குள் ஏதாவது கெட்டுப்போனால் அவன் குரல் கொடுப்பான். நில் என்பான். பழுது பார் என்பான். பழுது பார்க்க முடியாவிட்டால், செத்துப்போ என்பான். அந்தச் செல்லும் செத்துப்போகும். கூச்சல் இல்லை, குழப்பம் இல்லை, அக்கம்பக்கத்துக்கு ஒரு கீறல் இல்லை. தன்னைத் தானே துண்டு துண்டாக மடித்து ஒதுக்கிவிட்டுப் போய்விடும். ஊருக்காக உயிரைக் கொடுப்பேன் என்று இந்த மேடையில் முழங்கியவர்கள் எத்தனை பேர்? முழங்கியவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள், அது வேறு விஷயம். முழங்காமல் கொடுப்பது செல் ஒன்றுதான்.

வைரஸுக்கு இது ஒத்துவராது. வீடு இடிந்தால் குடியிருப்பவர் எங்கே போவார்? செல் செத்தால் அவர் பிழைப்பு போச்சு. ஆகவே காவலனை ஒழிக்க வேண்டும். கத்தி எடுத்தாரா? குத்துச்சண்டை போட்டாரா? இல்லை ஐயா, அவர் அலுவலக நடைமுறை தெரிந்தவர். செல்லுக்குள்ளேயே குப்பை அள்ளும் துறை ஒன்று இருக்கிறது. வேண்டாத புரதத்தின்மேல் ஒரு சீட்டு ஒட்டினால் போதும், அள்ளிக்கொண்டுபோய் நொறுக்கிவிடும். நம்மவர் அந்தச் சீட்டு ஒட்டும் ஊழியரையே கையில் போட்டுக்கொண்டு, காவலன் முதுகில் ஒட்ட வைத்துவிட்டார். குப்பைத் துறையும் விதிப்படி அள்ளிவிட்டது. முன்வரிசையில் அரசு ஊழியர்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நேர்மையான ஆளை அப்புறப்படுத்த ஒரு தாள் போதும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா?

செல் கண்டபடி பெருகாமல் வாசலில் நிறுத்திவைக்கும் இன்னொரு காவலன் உண்டு. அவன் கையையும் வைரஸின் புரதம் ஒன்று கட்டிப்போடுகிறது. இனி என்ன? நில் என்று சொல்ல ஆள் இல்லை, செத்துப்போ என்று சொல்லவும் ஆள் இல்லை. சாக மறந்த செல் பெருகுகிறது, பெருகியது பரவுகிறது, பரவியது கட்டியாகிறது.

பாய் ஏதோ கேட்கிறார். சத்தமாகக் கேளுங்கள் பாய்.

"கிருமி வந்தா ஒடனே கேன்சர் ஆயிருமா, தீதி?"

நல்ல கேள்வி. ஆகாது பாய். பெரும்பாலோருக்கு வந்த சுவடு தெரியாமல் ஓரிரண்டு வருடத்தில் உடம்பே துரத்திவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடும். தங்கினாலும் நோயாக முற்றுவதற்குப் பத்து வருடம், பதினைந்து வருடம் எடுத்துக்கொள்ளும். அத்தனை வருடமும் நமக்குக் கிடைத்த அவகாசம். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பம் நடத்துகிற யாருக்கும் வந்துபோகக்கூடிய கிருமி இது. யாருடைய ஒழுக்கத்துக்கும் இது சான்றிதழ் கொடுப்பதில்லை.

பிறகு ஏன் நம் பெண்கள் வருவதில்லை? அறியாமையா? அச்சமா? அதெல்லாம் மேடையில் சொல்லும் காரணம். சிப்பிகாட்டிலிருந்து பொன்னம்மா என்று ஒருவர் ஆய்வகத்துக்கு வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே நான், என்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீதர், ஷமா. "அக்கா, உள்ள எல்லாரும் நம்ம ஆளுங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வேணாங்க்கா. நாளைக்கு மார்க்கெட்ல மூஞ்சில முழிக்கணும்ல. மெயின்லேண்ட் போறப்ப பாத்துக்கறேன், சரி, டீக் ஹை" என்று திரும்பிப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தத் தீவில் கூச்சத்துக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறோம், கடலுக்கு அப்பால் இருக்கும் மெயின்லேண்ட். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. நம் முகம் தெரியாத டாக்டர், நம் வீடு தெரியாத நர்ஸ். ஆனால் மெயின்லேண்டில் கப்பலை விட்டு இறங்கியதும் என்ன நடக்கிறது? மச்சான் மகன் கல்யாணம் நடக்கிறது. குலதெய்வத்துக்குப் பொங்கல் நடக்கிறது. காஞ்சிபுரத்தில் சேலை எடுப்பது நடக்கிறது. பரிசோதனை மட்டும் நடப்பதில்லை. திரும்பி வந்து, அடுத்த எல்.டி.சி.யில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

இவ்வளவு விவரமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் நான்கு எல்.டி.சி. போயிருக்கிறேன்.

ஆமாம், நான்தான். ஊரார் செல்லை எல்லாம் சாயம் போட்டுப் பார்த்த நீலாவதி. என் மாதிரியைக் கொடுத்தால் யார் பார்ப்பார்? எதிர் மேசை ஸ்ரீதர். ஸ்ரீதர் யார்? குட்வில் எஸ்டேட்டில் என் எதிர்வீட்டுக்காரர். காலையில் அவர் வீட்டு மிக்ஸி சத்தத்தில்தான் நான் கண் விழிக்கிறேன். அவர் என் உள்ளுறுப்பைப் பார்ப்பதா என்று எனக்கு வெட்கம். காவலன் முதுகில் சீட்டு ஒட்டிய வைரஸைப் பற்றி முப்பது கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் காவலனை என் வெட்கத்துக்கே விட்டுக்கொடுத்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ரத்தம் பட்டது. மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆன உடம்பில் ரத்தம். அதன்பிறகுதான் மாதிரி கொடுத்தேன். அன்று முழுக்க ஸ்ரீதர் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் என் மேசைக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, டாக்டர் உங்கள ஒருதடவை வந்து பாக்கச் சொன்னாரு" என்றார். அந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது காதில் எப்படி விழும் என்று அன்றுதான் தெரிந்தது. பயந்தேன். இப்போதும் பயந்துகொண்டுதான் நிற்கிறேன்.

தலைவர் துண்டுச் சீட்டு கொடுக்கிறார். "விழா மகிழ்ச்சியாக நடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறார். தலைவர் அவர்களே, மகிழ்ச்சியாகவே முடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை விமானத்தில் சென்னை போகிறேன். கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். அதற்கு மேல் என்ன என்பதை அங்கே பார்த்துத்தான் சொல்வார்களாம். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஸ்ரீதரிடம் கொடுத்திருந்தால், புண்ணை மட்டும் அகற்றிவிட்டு மறுவாரமே வேலைக்கு வந்திருப்பேன். கடைசியில் மெயின்லேண்ட் போகிறேன் பாருங்கள். இந்த முறை கல்யாணமும் இல்லை, காஞ்சிபுரமும் இல்லை.

தாய்மார்களே, தெரிந்தவர் பார்ப்பாரே என்று கூசுகிறீர்கள். தெரிந்தவர் பார்த்தால்தான் ஒருநாள் முழுக்கப் பேச முடியாமல் தவிப்பார். தெரிந்தவர் பார்த்தால்தான் நீங்கள் மறுபரிசோதனைக்கு வராதபோது வீட்டு வாசலில் வந்து நிற்பார். உங்களைத் தெரியாத ஊரில் உங்களை யார் தேடுவார்? யார் கூப்பிடுவார்? யார் கையைப் பிடித்து இழுத்துவருவார்?

ஷமா நோட்டுப் புத்தகத்தோடு இங்கேயே நிற்கிறாள். பெயரைக் காதோடு சொல்ல வேண்டாம். சத்தமாகச் சொல்லுங்கள்.

யார் அது எழுந்திருப்பது? விசாலாட்சி அம்மாவா? தலைவர் அவர்களே, இந்த மைக்கைக் கொஞ்சம் அவரிடம் கொடுங்கள்.

"விசாலாட்சி. ஐம்பத்திரண்டு வயசு. நானும் மூணு எல்.டி.சி. பாத்தாச்சு, நீலா. எழுதிக்கச் சொல்லு."

எழுதிக்கொள் ஷமா. நான்காவது பெயர். அம்மா, உட்காராதீர்கள், கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்கள். எல்லோரும் உங்களைப் பார்க்கட்டும்.

வேறு யாரும் எழவில்லை. பரவாயில்லை. அழைத்த மன்றத்துக்கும், சமைத்த கைகளுக்கும், பொறுத்த செவிகளுக்கும் என் நன்றி. நாளைக் காலை பத்து மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவர் வீடும் எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை விமானம் வரைக்கும் ஊரில்தான் இருக்கிறேன். வணக்கம்.