தொட்டிக்கு அடியில் வைத்த பேசின்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற பஸ். வேலைக்கு நேரமாகிவிடுமோ என்ற கவலையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் நர்சரியில் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் போலிருக்கிறது. அவள் சொன்னது காதில் விழுந்தது.

“உரத்தை நீ செடிக்கு வாங்கல, கிணத்துக்கு வாங்கினு கீறேன்னு ஓனரு மூஞ்சிக்கு நேராவே சொல்ட்டேன்க்கா.”

“இன்னாடி சொல்ற?”

“பச்சை வலை கொட்டாயில தொட்டிங்க எல்லாம் பலகை மேல கீது. யூரியா கரைச்ச தண்ணிய, அடியில ஒழுவுற வரைக்கும் ஊத்தணும்பாரு. கீழ மண்ணு வெள்ளையா பூத்துப்போச்சு. பக்கத்துலதான் நாங்க குடிக்கிற கிணறு.”

“ஒத்துக்கினாரா?”

“எங்க? ஒழுவறது வெறும் தண்ணின்னாரு. தொட்டிக்கு அடியில பேசின் வெச்சுப் புடிச்சேன். வாசல் கேட்டாண்ட ஒரு மல்லிச்செடி, பட்டுப்போன மாரி நின்னுச்சு. அதுக்கு இந்தத் தண்ணிய மட்டும் ஊத்தினு வந்தேன். இருபது நாள்ல கரும்பச்சையா தழைச்சிடுச்சு. ஓனரைக் கூட்டினு போய் காட்டினேன்.”

“கெட்டிக்காரிதான்.”

“இப்ப பாதி உரம்தான். ஒழுவாம எப்டி ஊத்தறதுன்னு எல்லாருக்கும் நான்தான் காட்டணுமாம்.”

நான் கேட்க நினைத்ததை மற்றவளே கேட்டாள்.

“கிணத்துத் தண்ணி சரியாயிடுச்சா?”

“மண்ணுல எறங்கினது உடனே போவுமா? நாளாவும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் ஓனரு ஊட்லேர்ந்து எங்களுக்குக் குடிதண்ணி வருது. அதையும் கேட்டு வாங்கிட்டேன்.”